தனுஷ்கோடி சர்ச் கட்டடத்தைப் பார்த்து டிசைன் பழகுவது எப்படி

ஒரு சர்ச் கட்டடத்தை வைத்து டிசைன் பண்ணச் சொன்னால் பலரும் ஒரு போட்டோவை எடுத்து, சிலுவை, கூம்புக் கோபுரம், கலர் கண்ணாடி என்று மூன்றை வரைந்து முடித்துவிடுகிறார்கள். அதில் கட்டடமே இருக்காது. எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பிடிபட்டபிறகு வரைந்து பாருங்கள், கோடே வேறு மாதிரி வரும். அதைப் பழக நம் ராமநாதபுரம் கடற்கரையில் தனுஷ்கோடிதான் சரியான இடம் என்பேன். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, கூரை இல்லாமல் நிற்கிற அந்தச் சர்ச்சில், மற்ற இடங்களில் பூச்சும் பெயிண்டும் மூடி வைத்திருக்கிற கல்லும் காரையும் அப்படியே வெளியில் தெரிகின்றன.

காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் மணலும் சுவரும் ஒரே வெளுப்பாகிக் கண் கூசும், மேடு பள்ளம் எதுவும் தெரியாது. நோட்டு, பென்சில், காம்பஸ், ஒரு டேப் போதும். போன் கொஞ்ச நேரம் பையிலேயே இருக்கட்டும்.

முதலில் சுவரை வரையாதீர்கள், திறப்புகளை வரையுங்கள்: வாசல், ஜன்னல், இடிந்த இடத்தில் தெரிகிற வானம். இந்த வெற்றிடங்களின் உருவம் சரியாக வந்துவிட்டால் சுவர் தானாக வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு திறப்புக்கும் மேலே கல்லை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வளைவு தன் மேல் உள்ள பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் இரண்டு பக்கமும் சுவர் தடிமனாக இருக்கிறது. உங்கள் படத்திலும் அந்தத் தடிமன் தெரியவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காம்பஸை எடுங்கள். அரைவட்ட வளைவுக்கு ஒரே மையம். உச்சி கூராக முடிகிற கூர்வளைவுக்கு இரண்டு. 10 செ.மீ. கோடு போட்டு, அதே 10 செ.மீ. அளவில் காம்பஸை விரித்து, கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு வில் வரையுங்கள். இரண்டும் சந்திக்கும் உச்சி சுமார் 8.7 செ.மீ. உயரத்தில் வரும். மையங்களை உள்ளே நகர்த்தினால் வளைவு தாழும், வெளியே நகர்த்தி வில்லைப் பெரிதாக்கினால் ஒடுங்கி உயரும். அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்ற முடிவதும், பக்கத் தள்ளல் குறைவதும்தான் கூர்வளைவின் பலம். பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் சர்ச்சில் 1140களில் இதை வைத்துத்தான் சுவரைக் குறைத்துப் பெரிய ஜன்னல்களைத் திறந்தார்கள். லோகோவோ, திருவிழா அழைப்பிதழோ, பனை ஓலைப் பெட்டியின் மூடியோ, எதற்கு வரைந்தாலும் இந்த இரண்டு மையங்களையும் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணளவில் போட்ட வளைவில் இரண்டு பக்கமும் ஒத்துவராது.

சுவரின் பரப்பைத் தனியாகப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மணல் திட்டில் கருங்கல்லுக்கு எங்கே போவது? கைக்கெட்டிய பவளக் கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு கல்லில் மூளை மடிப்பு போல நெளிநெளியான வரி, பக்கத்துக் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொடித் துளைகள். கடலுக்குள் உயிரோடு வளர்ந்தபோது உண்டான வடிவங்கள் இவை. ஒரே ஒரு கல்லை உள்ளங்கை அளவுக்கு நெருங்கி போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, சேலை பார்டருக்கோ பிளாக் பிரின்டுக்கோ ஒரு பேட்டர்னாக மாற்றிப் பாருங்கள். காகிதத்தை வைத்துத் தேய்த்து அச்செடுக்க வேண்டாம், உப்புக் காற்றில் அரித்த கல் கையோடு உதிரும். கீழே கிடக்கிற துண்டையும் எடுக்காதீர்கள், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

நிறத்துக்கு இதே மாவட்டத்தில் உள்ள ஓரியூர் போகலாம். போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் தலை வெட்டப்பட்ட இடம். அவர் ரத்தம் பட்டே மண் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்தச் செம்மண்ணின் நிறத்தை வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை வாட்டர்கலரில் கலந்து பாருங்கள், பவளக் கல்லின் சாம்பல் வெள்ளையோடு நன்றாகச் சேரும்.

ஓரியூரில் வழிபாடு நடக்கிறது. பூசை நேரத்தில் நோட்டை விரிக்காதீர்கள், முடிந்தபிறகு பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். மண்ணைக் கும்பிட்டு எடுத்துப் போகிறவர்களின் முகத்தை வரைய ஆசை வந்தால், அவர்களிடமும் கேளுங்கள்.