ஸ்கூபாவை நம்பிப் பிழைக்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், ஸ்கூபாவுக்கு, அதாவது கடலுக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டிக்கொண்டு முங்குவதற்கான காற்று டேங்க்கைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு பையன் வந்து நிற்பான், பெரும்பாலும் கடலூர்ப் பக்கத்துப் பையன். "அண்ணா, ஸ்கூபா முடிச்சா ஆயில் ரிக்ல வேலையாமே, மாசம் லட்சக்கணக்குல சம்பளமாமே?" என்பான்.

பெரிய தவறு இதுதான். நாங்கள் கற்றுத்தரும் ஓப்பன் வாட்டர் கோர்ஸ், 18 மீட்டர் வரை இறங்கி மீன் பார்த்துவிட்டு வருகிறவருக்கானது. கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக், கப்பல் அடிப்பகுதி, கடலுக்கடியில் போகும் குழாய் என்று வேலை பார்ப்பவர் கமர்ஷியல் டைவர். ரிக் வேலையில் அவருக்குக் காற்று மேலேயிருந்து குழாய் வழியாக வரும், தலையில் ஹெல்மெட், அதற்குள்ளேயே பேசுவதற்கு வசதி, கையில் வெல்டிங்கோ கட்டிங்கோ. முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு ரிக் வேலைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிப்பு, செலவு, மருத்துவச் சோதனை எல்லாமே வேறு. இது தெரியாமல் வீட்டு நகையை அடகு வைத்துத் தப்பான கோர்ஸில் சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போனால் போதும் என்கிறீர்களா? அதற்கு டைவ் மாஸ்டர் ஆக வேண்டும். பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் முறையில் 18 வயது நிரம்பி, 40 டைவ் கையில் இருந்தால் கோர்ஸில் சேரலாம், முடிப்பதற்குள் 60 ஆகியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை நிரப்புவதற்காகவே அலையில்லாத நாளாகப் பார்த்து இறங்கி இறங்கி ஏறி, டைவ் கணக்கு எழுதும் லாக் புக்கை நிரப்புகிறார்கள். பிறகு ஒரு நாள், 10 மீட்டர் ஆழத்தில் வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய் வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு மேலே பாயும்போது என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். அந்த ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தி, மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்து, கண்ணைப் பார்த்து நிதானப்படுத்துவதற்குத்தான் நமக்குச் சம்பளம். மீன் காட்டுவதெல்லாம் அப்புறம்.

மருத்துவப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்து வாங்குவதும் கூடாது. ஆஸ்துமாவை மறைப்பார்கள். வார இறுதியில் "ஒரே ஒரு பீர்தான் பாஸ்" என்று வருவார்கள், புதுச்சேரியில் இதற்குப் பஞ்சமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை, அவர்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வாடிக்கையாளரிடம் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் தன் உடம்பென்றால் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். ஆரம்பத்தில், ஆள் பற்றாக்குறை என்று ஒரு முதலாளி கெஞ்சியதால் ஜலதோஷத்தோடு இறங்கினேன். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து அழுத்தி ஊதி இன்னும் கீழே போனேன், ஏறியபோது மாஸ்க்குக்குள் ரத்தம். மூன்று வாரம் வருமானம் இல்லை, அந்த முதலாளி ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

அப்புறம், பன்னிரண்டு மாதமும் சம்பளம் வரும் என்று நம்பி பைக்குக்குத் தவணை கட்ட ஆரம்பிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் தென்பெண்ணையும் கெடிலமும் சேற்றைக் கொண்டுவந்து கடலில் கொட்டும், நீட்டிய கை தெரியாது. அந்த நாட்களில் ரெகுலேட்டர் சர்வீஸ், டேங்க்கில் காற்று அடைக்கும் கம்ப்ரசர் பராமரிப்பு தெரிந்தவருக்குத்தான் கடையில் வேலை இருக்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாய்ப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை போனால் டேங்க்குக்குள் விஷம் ஏறும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். டேங்க்கில் இருப்பது சாதாரணக் காற்றுதான், செய்தியில் சொல்கிற மாதிரி ஆக்ஸிஜன் இல்லை. டிசம்பர் வாக்கில் பலர் அந்தமானுக்கு வேலைக்குக் கிளம்புவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு மூன்று டைவ் அடித்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுங்கள்.

கடைசியாக, ஊர்க்காரர்கள் கூப்பிடும் வேலை. ஆற்றில் யாரோ மூழ்கிவிட்டார் என்று கதவைத் தட்டுவார்கள், அழுகிற குடும்பத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம். ஆனால் மணல் அள்ளிய பள்ளம், முள்வேலி, அறுந்த வலை, கலங்கல் தண்ணீர், இதில் தேடுவதற்கு எந்த ஸ்கூபா கோர்ஸும் உங்களை உடனே தயார்ப்படுத்துவதில்லை. தீயணைப்புத் துறைக்குப் போன் போடுங்கள். அவர்கள் வந்த பிறகு கேட்டால், இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடிக்கத் தெரிந்த ஆள் கரையில் இருந்தால் மட்டுமே நான் இறங்குகிறேன்.