செட்டிநாடு ஒரே நாளில்: தம்பதிக்கான சுற்றுத் திட்டம்

செட்டிநாட்டை ஒரு நாளில் பார்க்க, இடங்களைவிட வரிசைதான் முக்கியம். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். உச்சி வெயிலில் திருமயம் கோட்டைப் பாறை காலைச் சுடும். இந்த இரண்டையும் வைத்தே நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முந்தைய நாள்: காரைக்குடியில் தங்குங்கள். கிராமங்களுக்கிடையே பஸ் குறைவு என்பதால் நாள் வாடகைக்குக் கார் பேசுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை, வெயிட்டிங்குக்குத் தனிப் பணமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். கானாடுகாத்தானில் மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லிவையுங்கள். அங்குள்ள வீட்டு விடுதிகளில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். சொல்லாமல் போனால் பட்டினிதான்.

காலை 6.30, பிள்ளையார்பட்டி: குடைவரையில் இரண்டு கைகளுடன், வலம்புரியாக, வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார் கற்பக விநாயகர். சங்கடஹர சதுர்த்தியன்று கூட்டம் நெரியும். அன்று போனால் மற்ற இடங்களுக்கு நேரம் மிஞ்சாது.

காலை 9, ஆத்தங்குடி: இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் தரையில் பதிக்கும் பூ வேலைக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல், சிமெண்டு கலவையைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி, காயவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது, பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. கையால் ஊற்றுவதால் இரண்டு கற்களின் பூ முழுக்க ஒன்றுபோல் இருக்காது, அதுதான் அழகு. வாங்கினால் முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் தாள் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்; மூலை தட்டினால் உடையும். ஞாயிறன்று வேலை நடக்காத பட்டறைகள் உண்டு.

அடுத்து, கட்டணம் வாங்கி உள்ளே விடும் பெரிய வீட்டைப் பாருங்கள். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு (அதன் பின்னுள்ள பகுதி), அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெரு வரை வீடு நீளும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. தலைக்கு மேலே பர்மா தேக்கு. தொட்டால் வழவழக்கும் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருக்கும். செருப்பை வாசலிலேயே விடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் 12.30, கானாடுகாத்தான்: சாப்பிட்டுவிட்டுத் தெருக்களில் நடங்கள். இங்குள்ள செட்டிநாடு அரண்மனைக்குள் விடுவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்; வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

மாலை 3.30, திருமயம்: 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். முதலில் கோட்டை ஏறி இறங்குங்கள், பிறகு அடிவாரத்தில் சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்கள். மாற்றிப் போனால் கோட்டைக் கதவு சாத்தியிருக்கும்.

இரவு, காரைக்குடி: இந்தப் பகுதியில் நெய்யும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்திச் சேலையாகக் கேட்டு வாங்குங்கள். சாயம் இறங்கக்கூடும், முதல் சில தடவை தனியாக அலசுங்கள்.