ஒலிம்பியாவில் ஒரு துப்பாக்கி மசோதா: எதை வாசிப்பது, எங்கே பேசுவது

வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டம் எழுதப்படும் இடம் தலைநகர் ஒலிம்பியா மட்டும்தான். சட்டம் வெளிப்படையாக அனுமதித்த சில சிறு விஷயங்களைத் தவிர, சியாட்டிலோ ரெட்மண்டோ தன்னிஷ்டத்துக்கு விதி போட முடியாது. மாநிலச் சட்டத் தொகுப்பின் 9.41.290 பிரிவு அந்த அதிகாரம் முழுவதையும் மாநிலத்திடமே வைத்திருக்கிறது. துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று எட்மண்ட்ஸ் நகரம் 2018இல் ஒரு விதி கொண்டுவந்தது. மாநில உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் 2022இல் அது செல்லாது என்றது. ஆகவே நீங்கள் ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், நகர மன்றத்தில் போய்ப் பேசிப் பெரிய பயனில்லை.

சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். ஆனால் டிசம்பர் முதல் திங்கட்கிழமையிலிருந்தே மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்யலாம். நிதானமாக வாசிக்க ஏற்ற காலம் அந்த டிசம்பர்தான். ஜனவரி வந்துவிட்டால் ஒரு மசோதா இணையத்தில் ஏறுவதற்கும் விசாரணைக்கு வருவதற்கும் நடுவே சில நாட்கள்தான் கிடைக்கும்.

சட்டமன்றத் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் அதன் பக்கம் வரும். அங்கே பல ஆவணங்கள் இருக்கும். முதலில் மூல வாசகத்தைத் திறக்காமல், குழு ஊழியர்கள் எழுதும் மசோதா அறிக்கையைத் திறங்கள். இரண்டு மூன்று பக்கத்தில் இன்றைய சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது என்று கட்சிச் சாயமில்லாமல் எழுதியிருப்பார்கள். விசாரணை முடிந்தபின் யார் ஆதரித்துப் பேசினார்கள், யார் எதிர்த்தார்கள், என்ன வாதம் என்பதும் அதில் சேர்ந்துவிடும். அடுத்தது நிதிக் குறிப்பு. மாநிலக் காவல் துறைக்கு எத்தனை ஆள் கூடுதலாகத் தேவை, எவ்வளவு செலவு என்று அதில் இருக்கும். பணம் அதிகம் கேட்கும் மசோதா நிதிக் குழுவையும் தாண்டியாக வேண்டும். பல மசோதாக்கள் அங்கேதான் ஓசையில்லாமல் படுத்துவிடுகின்றன.

மூல வாசகத்தைத் திறந்ததும் பலரை மலைக்க வைப்பது அதன் நீளம். 60 பக்க மசோதா என்றால் 60 பக்கமும் புதுச் சட்டம் என்று எண்ண வேண்டாம். ஒரு பிரிவில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் அந்தப் பிரிவு முழுவதையும் அச்சிட வேண்டும் என்கிறது மாநில அரசியலமைப்பு. அதனால் பழைய வாசகமே பக்கம் பக்கமாக வரும். அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்ப்பது. இரட்டை அடைப்புக்குறிக்குள் குறுக்கே கோடு அடித்திருப்பது நீக்குவது. இரண்டும் இல்லாதது ஏற்கெனவே நடப்பில் உள்ள சட்டம். ‘புதிய பிரிவு’ என்ற தலைப்போடு தொடங்குவதில் மட்டும் அடிக்கோடு இருக்காது, ஏனென்றால் அங்கே எல்லாமே புதுசு. இந்தக் குறிகளைக் கவனிக்காமல், பத்தாண்டாக இருக்கும் விதியைப் படம்பிடித்து ‘இப்போது இதையும் கொண்டுவருகிறார்கள்’ என்று பரப்புவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

முதல் பிரிவில் வரும் நோக்க உரையை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். உணர்ச்சி எல்லாம் அங்கே இருக்கும். யாரையும் கட்டுப்படுத்தும் விதி அங்கே இருக்காது.

வினைச்சொல்லில்தான் சட்டம் இருக்கிறது

துப்பாக்கி மசோதாவில் தேட வேண்டிய முதல் விஷயம், எந்தச் செயலைத் தடுக்கிறார்கள் என்பது. தயாரிப்பது, மாநிலத்துக்குள் கொண்டுவருவது, விநியோகிப்பது, விற்பது, விற்பனைக்கு வைப்பது, வைத்திருப்பது, கையிலெடுத்துச் செல்வது எல்லாம் தனித்தனிச் செயல்கள். 2023இல் பிரதிநிதிகள் அவையில் தொடங்கிய எச்.பி. 1240ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘தாக்குதல் ஆயுதத் தடை’ என்று பெயர் பெற்ற சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விநியோகம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கிறது. ‘வைத்திருப்பது’ அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முன்பே சட்டப்படி வாங்கியவரிடமிருந்து அது எதையும் பறிக்கவில்லை. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைப் பற்றி 2022இல் செனட்டில் தொடங்கி வந்த எஸ்.பி. 5078உம் இதே அமைப்புதான். தலைப்பை மட்டும் வாசித்தவர்களில் ஒரு சாரார் ‘வீடு வீடாக வந்து பிடுங்குவார்கள்’ என்றனர், இன்னொரு சாரார் ‘இனி மாநிலத்தில் அந்தத் துப்பாக்கியே இருக்காது’ என்றனர். இரண்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.

அடுத்தது வரையறை. எச்.பி. 1240 இரண்டு வழியில் வரையறுக்கிறது: சில மாடல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது, மீதியை உறுப்புகளை வைத்து அடையாளம் காண்கிறது. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒரு துப்பாக்கி தப்பிவிடாது என்பது இதனால்தான். வரையறைப் பிரிவு பெரும்பாலும் மசோதாவின் நடுவிலோ, 9.41.010 பிரிவைத் திருத்தும் பகுதியிலோ ஒளிந்திருக்கும். அதை வாசிக்காமல் விதியை வாசிப்பது பயனற்றது.

விலக்குகளைக் கடைசியில் தேடுங்கள், ஆனால் தவறாமல் தேடுங்கள். அதே 1240இல், சட்டப்படி வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுக்குப் போக வழி உண்டு. ஆனால் அது எப்படி வந்தது என்று வாரிசு காட்ட வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1240ஐ மீறி விற்பது ‘கிராஸ் மிஸ்டிமீனர்’ என்ற குற்ற வகையைச் சேர்ந்தது, அதாவது 364 நாள் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும். உரிமத் தாமதம் போன்ற சிவில் மீறலும் குற்றவியல் குற்றமும் ஒன்றல்ல. குறிப்பாக விசாவில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் வாழ்க்கையையே மாற்றும்.

மசோதாவின் வால் பகுதியில் மூன்று சிறு பிரிவுகள் இருக்கலாம். நடைமுறைக்கு வரும் நாள் ஒன்று. எதுவும் சொல்லாவிட்டால், கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்து அமலாகும். அவசரப் பிரிவு இருந்தால் ஆளுநர் கையெழுத்திட்ட கணமே அமலாகலாம். 1240 அப்படித்தான் 2023 ஏப்ரல் 25 அன்று அமலானது. அவசரப் பிரிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு: கையெழுத்து திரட்டி அந்தச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கும் வழி மூடிவிடும். மூன்றாவது, ‘பட்ஜெட்டில் இதற்கென்று பணம் ஒதுக்காவிட்டால் இச்சட்டம் செல்லாது’ என்ற பிரிவு. அது இருந்தால் நிறைவேறிய பின்பும் பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள்

எச்.பி. என்றால் பிரதிநிதிகள் அவை மசோதா, எஸ்.பி. என்றால் செனட் மசோதா. குழு ஒன்று முழு வாசகத்தையும் மாற்றி எழுதினால் முன்னால் ஓர் எஸ் சேரும். இரண்டாவது குழுவும் மாற்றினால் 2எஸ். அவையில் திருத்தம் ஏறினால் அதற்கு முன்னால் ஓர் இ. 2025இல் நிறைவேறிய, வாங்குவதற்கு முன் அனுமதிச் சீட்டு கேட்கும் மசோதா இ2எஸ்எச்பி 1163 என்று முடிந்தது. அதாவது தாக்கல் செய்த வாசகத்துக்கும் கையெழுத்தான வாசகத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று முறை கை வைத்திருக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? 2023இன் எச்.பி. 1143 தாக்கலானபோது அனுமதிச் சீட்டு முறை அதில் இருந்தது. வழியில் அது கழன்றுவிட்டது. பாதுகாப்புப் பயிற்சியும் 10 வேலைநாள் காத்திருப்பும் மட்டும் தங்கி, 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அனுமதிச் சீட்டு இரண்டு ஆண்டு கழித்து 1163 ஆகத் திரும்பி வந்தது. பழைய வாசகத்தை வைத்துக்கொண்டு குழுவில் பேசினால், இல்லாத பிரிவைப் பற்றிப் பேசுவீர்கள். உறுப்பினர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைப்பார்கள். பேசும் நாள் காலையில் பக்கத்தை மறுபடி திறந்து, ‘முன்மொழியப்பட்ட மாற்று வாசகம்’ ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குழுவில் ஒரு நிமிடம்

துப்பாக்கி மசோதாக்கள் பெரும்பாலும் பிரதிநிதிகள் அவையில் குடிமை உரிமைகள் மற்றும் நீதித்துறைக் குழுவுக்கும், செனட்டில் சட்டம் மற்றும் நீதிக் குழுவுக்கும் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு: கொள்கைக் குழுவுக்கு ஒன்று, நிதிக் குழுவுக்கு ஒன்று, தொடங்கிய அவைக்கு ஒன்று, பிறகு எதிர் அவைக்கும் அதே வரிசை. கெடுவுக்குள் நகராத கொள்கை மசோதா அந்த ஆண்டுக்கு முடிந்தது. ஒற்றைப்படை ஆண்டில் தேங்கியது மட்டும் அடுத்த இரட்டைப்படை ஆண்டுக்கு உயிரோடு போகும்.

பேச விரும்பினால் சட்டமன்றத் தளத்தின் குழுப் பதிவுப் பக்கத்தில் விசாரணை தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் பக்கம் ஏற்காது. நேரிலோ வீட்டிலிருந்து வீடியோவிலோ பேசலாம். பேசாமல் ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்று நிலைப்பாட்டை மட்டும் பதியலாம். எழுத்துச் சாட்சியமும் அனுப்பலாம், அதற்கு விசாரணை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் உண்டு. நீங்கள் கொடுக்கும் பெயரும் எழுத்தும் பொது ஆவணமாகிவிடும், வீடியோ சட்டமன்ற நிகழ்வுகளை ஒளிபரப்பும் டிவிடபிள்யூ சேனலில் நிலைத்து நிற்கும். குழந்தைகளின் பெயர், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா போன்றவற்றைச் சொல்லாமல் விடுவது நல்லது.

சர்ச்சையான மசோதா என்றால் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் தேறும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவருக்கு அது நூறு சொல் சுமாராக வரும். வாழ்த்து, நன்றி, சுய அறிமுகம் என்று தொடங்கினால் மணி அடித்துவிடும். பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, ஒரேயொரு பிரிவு எண்ணைச் சொல்லி, அது நடைமுறையில் என்ன செய்யும் என்று காட்டுங்கள். ‘மற்றவை’ என்ற கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ‘நோக்கம் சரி, பயிற்சிச் சான்றுக்கு இந்தத் தேதி போதாது’ என்பவருக்கு அதுவே சரியான இடம். ஆயிரக்கணக்கில் பதியும் ஆதரவு எதிர்ப்பு எண்ணிக்கையை வைத்து வாக்கு மாறுவதைவிட, இப்படிப்பட்ட ஒரு குறிப்பிலிருந்து ஒரு திருத்தம் பிறப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

குழு தாண்டியபின் உங்கள் மாவட்டத்துக்காரர்களைப் பிடியுங்கள். மாநிலத்தில் 49 சட்டமன்ற மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். மசோதாப் பக்கத்திலேயே கருத்து எழுதும் பொத்தான் உண்டு, இல்லையென்றால் 1-800-562-6000 என்ற எண்ணில் சொன்னால் குறித்துக்கொண்டு மூவருக்கும் சேர்ப்பார்கள். அடுத்த மாவட்டத்து உறுப்பினருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் எண்ணிக்கையில் சேராது.

விசாவில் இருப்பவர்கள்

சாட்சியம் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு, யாராக இருந்தாலும் பேசலாம், எழுதலாம். ஆனால் மக்கள் முன்மொழிவுக்கான கையெழுத்துத் தாளைக் கடை வாசலில் யாராவது நீட்டினால் கையெழுத்திட வேண்டாம். அது பதிவு பெற்ற வாக்காளருக்கு மட்டும். 2014இன் ஐ-594, 2018இன் ஐ-1639 போன்ற பெரிய துப்பாக்கிச் சட்டங்கள் அந்த வழியில் வந்தவைதான் என்பதால் இத்தாள்கள் கண்ணில் படவே செய்யும். கிரீன் கார்டு இல்லாதவர் வேட்பாளருக்கு நன்கொடை கொடுப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது.

துப்பாக்கி வைத்திருப்பது வேறு கதை. எச்-1பி போன்ற குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டமே தடை போடுகிறது. மாநில மசோதா எப்படி முடிந்தாலும் அது மாறாது.

கையெழுத்தான பின்

ஆளுநருக்கு ஞாயிறு நீங்கலாக 5 நாள், கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் போனால் 20 நாள். முழு மசோதாவையும் மறுக்கலாம், தனிப் பிரிவுகளை மட்டும் வெட்டவும் செய்யலாம். ஆகவே ‘கையெழுத்தாகிவிட்டது’ என்ற செய்தியோடு நிற்காமல், மறுப்புக் கடிதம் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியையும் பாருங்கள். 1163ஐ ஆளுநர் பாப் பெர்குசன் 2025 மே மாதம் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வருவது 2027 மே 1. அன்றிலிருந்து வாங்குபவர் மாநிலக் காவல் துறையிடம் விரல்ரேகை கொடுத்து, சுடும் பயிற்சியும் அடங்கிய பாதுகாப்பு வகுப்பின் சான்றோடு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். சீட்டு 5 ஆண்டு செல்லும். காவல் துறைக்கு முடிவெடுக்கப் பொதுவாக 30 நாள், மாநில ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ இல்லாதவர்களுக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் 60 நாள். சீட்டு கிடைத்தாலும் 10 வேலைநாள் காத்திருப்பு தனி.

நீதிமன்றத்தையும் ஒரு கண் பாருங்கள். மேகசின் சட்டத்தை 2024 ஏப்ரலில் ஒரு கவுன்டி நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்புக்கு உடனே இடைக்காலத் தடை வந்தது, 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நடுவில் வந்த தலைப்புச் செய்தியை மட்டும் நம்பிக் கடைக்கு ஓடியவர்களுக்கு விற்பனை ஜன்னல் சில மணி நேரத்தில் மூடிவிட்டது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2022இல் ப்ரூயன் வழக்கில், ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாடு செல்லுமா என்பதற்கு வரலாற்று மரபை அளவுகோலாக்கியபின் இப்படி வழக்குகள் வருவது வழக்கமாகிவிட்டது. எந்தச் சட்டத்தையும் நம்பிச் செயல்படும் முன், சட்டத் தொகுப்பில் இன்றைய பிரிவைப் பாருங்கள், அதற்கு அடியில் உள்ள குறிப்பில் அமலாகும் தேதியைப் பாருங்கள், பிறகு தடையாணை ஏதும் நிலுவையில் உண்டா என்று மாநில அட்டர்னி ஜெனரல் தளத்தில் தேடுங்கள்.