வேக்போர்டில் எழும்ப முடியவில்லையா? முதலில் படகோட்டியைப் பாருங்கள்

ஒன்ராறியோவில் வெயில் காலம் மூன்றே மாதம்தான். அதற்குள் எப்படியாவது ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, வாடகைக்கு எடுத்துவிட வேண்டும் என்று ரொறொன்ரோவில் நம் ஆட்கள் மார்கழியிலேயே வாட்ஸப் குழு தொடங்கிவிடுகிறார்கள். கவார்த்தா ஏரிகள் பக்கம், ஸ்டர்ஜன் லேக், பால்சம் லேக், பிஜன் லேக் என்று எங்கே போனாலும் படகு கட்டும் ஒரு டொக்கிலாவது தமிழ்ப் பாட்டுக் கேட்கிறது. அந்த டொக்கிலிருந்து வெளிக்கிட்ட படகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வேக்போர்டை, அதாவது படகு கயிற்றால் இழுக்க நின்று சறுக்கும் பலகையை, காலில் பூட்டிக்கொண்டு, எழும்ப முடியாமல், தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

சொந்தக்காரப் பெடியன்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் மனைவிமார் என்று பலருக்குப் படகு ஓட்டியும், தண்ணீருக்குள் இறங்கிப் பலகையைப் பிடித்துவிட்டும் பழக்கி வருகிறேன். வருடாவருடம் ஆட்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. எல்லாம் ஒரு காலத்தில் எனக்கும் சொந்தமாக இருந்த பிழைகள்தான், அதனால் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடுகிறது.

லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், படகு ஓட்டுபவரிடம் அதற்கான அட்டை இருக்க வேண்டும், குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு பிழை.

எழும்பப் பார்ப்பது

தண்ணீருக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறேன். மல்லாந்து மிதக்கிறீர்கள், இரண்டு காலும் பலகையில் பூட்டியிருக்கிறது. முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கி, குதிக்காலைப் பிட்டத்துக்குக் கிட்டவாக இழுத்து வைத்திருக்கிறீர்கள். பலகை உங்களுக்கும் படகுக்கும் நடுவில் குறுக்கே நிற்கிறது, அதன் மேல் விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறது. கைகள் முழங்கால்களுக்கு வெளிப்புறமாக நீண்டு கைப்பிடியைப் பிடித்திருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

படகு இழுக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் வருகிற ஆசை, காலை உதைத்து நிமிர்வது. உதைத்தீர்களோ, குறுக்கே நிற்கும் பலகை தண்ணீருக்கு எதிரே சுவராகிவிடும். கயிறு முன்னுக்கு இழுக்கும், தண்ணீர் பின்னுக்குத் தள்ளும், ஒன்றில் கைப்பிடி கையை விட்டுப் போகும் அல்லது பலகைக்கு மேலால் நீங்கள் முகம்குப்புறப் போவீர்கள். உதைக்காமல் மடங்கியபடியே இருந்தால் பலகை தானாகச் சரிந்து, உங்களுக்குக் கீழே வந்து, தண்ணீரின்மேல் தட்டையாகப் படியும். அந்த நேரம் நீங்கள் குந்தியிருப்பீர்கள், ஆனால் ஏற்கெனவே தண்ணீருக்கு மேலே வந்துவிட்டீர்கள். பலகை வழுக்கத் தொடங்கியது உள்ளங்காலில் தெரியும். அதற்குப் பிறகு ஆறுதலாக நிமிரலாம், ஒரு காலை முன்னுக்கு விட்டுப் பலகையைத் திருப்பலாம், கைப்பிடியை முன்கால் பக்கத்து இடுப்பருகே கொண்டுவரலாம். குந்தியபடியே நெடுந்தூரம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். படகிலிருந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

படகில் இருப்பவர்களுக்கும் ஒன்று. ஆள் மெல்ல மேலே வரும்போது "எழும்பு, எழும்பு!" என்று கத்தாதீர்கள். காதில் விழுந்ததும் கால் நிமிர்ந்துவிடும். கத்தியே தீர வேண்டுமென்றால் "இரு, இரு" என்று கத்துங்கள்.

கையை மடக்கி இழுப்பது

கயிற்றின் அந்தப் பக்கம் இருநூறு, முந்நூறு குதிரைசக்தி இருக்கிறது. நீங்கள் வெல்லப் போவதில்லை. கை நீட்டியபடி இருக்கட்டும்.

கீழே பார்ப்பது

பார்க்காதீர்கள். பலகை எங்கேயும் போகாது.

திரொட்டிலை ஒரேயடியாக அமுக்குவது

இனித்தான் எனக்குக் கோபம் வருகிற இடம்.

எழும்ப முடியாமல் களைத்துத் திரும்பி வருகிற ஆட்களில் நிறையப் பேர் தாங்கள் பிழை விட்டவர்கள் இல்லை. பிழை விட்டது படகு ஓட்டியவர். ஆனால் பழி முழுக்கத் தண்ணீரில் கிடப்பவர் தலையில்தான் விழும். காலில் பலமில்லை, உடம்பைக் குறைக்க வேண்டும், பயப்படுகிறாய் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். திரொட்டிலில், அதாவது படகின் வேகத்தைக் கூட்டும் நெம்பில், இருக்கிற கையை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆளைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டும், அதற்குப் பலம் வேண்டும், ஆகவே திரொட்டிலை முழுவதும் முன்னுக்குத் தள்ள வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. ஒற்றைப் பலகையில் வாட்டர்ஸ்கீ செய்பவருக்கு அது ஓரளவு சரி, குறுகலான பலகை, ஆளைத் தாங்க வேகம் கேட்கும். வேக்போர்ட் அகலமானது, குறைந்த வேகத்திலேயே ஆளைத் தூக்கிவிடும். போதாததற்கு, பலகை செய்தவர்கள் இந்த எழும்பும் பிரச்சினையைத் தீர்க்கவே மெனக்கெட்டிருக்கிறார்கள். 1985-ல் கலிபோர்னியாவில் டோனி ஃபின் கொண்டுவந்த 'ஸ்கர்ஃபர்' பலகை மிதவை கூடியது, அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடிப்பதே பெரும்பாடு. 1990-ல் ஹெர்ப் ஓப்ரையன் மேலே துள்ளாத, அடியிலும் போகாத 'ஹைப்பர்லைட்' பலகையைக் கொண்டுவந்த பிறகுதான் ஆழத் தண்ணீரிலிருந்து எழும்புவது சாதாரண ஆட்களுக்கும் கைகூடியது. அத்தனை பேரின் உழைப்பையும் நம் மச்சான் அரை விநாடியில் கெடுத்துவிடுகிறான்.

குறுக்கே நிற்கும் பலகை சரிந்து கீழே வருவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் படகு கொடுக்காவிட்டால் தண்ணீரின் எதிர்ப்பு முழுவதும் பலகையின் முகத்தில் விழும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அது கால் வழியாக, முதுகு வழியாக, கடைசியில் தோளிலும் விரலிலும் வந்து நிற்கும். பழகியவர்களே கயிற்றை விட்டுவிடுவார்கள். புதியவர் விடமாட்டார், ஏனென்றால் கயிற்றை விடாதே என்றுதான் அவருக்கு எல்லோரும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு கோடையில் ஸ்டர்ஜன் லேக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கொட்டேஜ்காரர், நமக்குத் தெரிந்த குடும்பம். ஓட்டியவர் அந்த வீட்டு மருமகன். தண்ணீரில் கிடந்தவர் அவருடைய மைத்துனர், வாட்டசாட்டமான ஆள், ட்ரக் ஓட்டுகிறவர். முதல் இழுவையில் கைப்பிடி கையை விட்டுப் பறந்தது. "பாரமான ஆள், இன்னும் குடுக்க வேணும்" என்று மருமகன் அடுத்த தடவை இன்னும் அமுக்கினார். நான் டொக்கில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்துகிறேன், எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மைத்துனர் இந்த முறை விடுவதில்லை என்று பிடிவாதமாகப் பிடித்தார். தோள்மூட்டு விலகிவிட்டது. அன்றைய மிச்சப் பொழுது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் போனது. அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மாதக்கணக்கில் பிசியோதெரபி, ட்ரக்கில் ஏற முடியாது, ஏறாவிட்டால் வருமானம் இல்லை, வீட்டுக் கடன்காரனுக்கு இதெல்லாம் கணக்கில்லை. ஒரு வாரக் கொட்டேஜுக்கு எல்லோரும் சேர்ந்து போட்ட காசு அதற்குப் பக்கத்திலும் வராது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது என்னவென்றால், அந்த மருமகன் இப்போதும் ஒரு விருந்தில் கண்டால் "அத்தானுக்கு நேரத்துக்குக் கயிற்றை விடத் தெரியேல்லை" என்றுதான் கதைக்கிறார்.

இன்னொரு இடத்தில், கணவர் ஓட்ட ஓட்ட விழுந்துகொண்டே இருந்த ஒரு பெண், இது எனக்குச் சரிவராது என்று பலகையைக் கழற்றப் போனார். ஓட்டுபவரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். மெதுவாக இழுத்ததும் எந்தப் போராட்டமும் இல்லாமல் மேலே வந்துவிட்டார். கணவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே ஓட்டுபவரே, கவனமாகக் கேளுங்கள். கியரில் போட்டு, கயிறு நேராக இறுகும் வரை சும்மா ஊர்ந்து போங்கள், தொய்ந்த கயிற்றோடு வேகம் எடுத்தால் அது இறுகும் இடத்தில் ஆளை வெட்டி இழுக்கும். ஆள் நேர் பின்னால் இருக்கிறாரா, பலகை குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். அவர் "போ" என்று சொன்ன பிறகு திரொட்டிலை ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல், மூன்று நான்கு விநாடிக்கு நீட்டிக் கொண்டுபோங்கள். ஆள் மேலே வந்ததும் படகுக்கு இழுபாரம் குறைந்து அது தானாக ஓடப் பார்க்கும், அந்த இடத்தில் திரொட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் எழும்பிய ஆளையும் விழுத்துகிறார்கள். முதல்நாள் ஆளுக்கு மணிக்கு 16 முதல் 18 மைல், அதாவது 26 முதல் 29 கிலோமீட்டர் போதும். பாரமான ஆளுக்குக் கடைசி வேகம் கொஞ்சம் கூடலாம், தொடக்கம் கூடக் கூடாது.

"எங்கள் படகில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். நல்லது. அது போய்ச்சேருகிற வேகத்தைத்தான் பிடித்து வைக்கும், போய்ச்சேருகிற விதம் உங்கள் கையில்தான்.

பார்க்க ஆள் வைத்துவிட்டு அவரிடம் ஃபோனைக் கொடுப்பது

கனடாச் சட்டப்படி ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் படகில் இருந்து இழுபடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இழுபடுகிறவருக்கும் படகில் ஓர் இருக்கை காலியாக இருக்க வேண்டும், ஆகவே படகு கொள்ளும் அளவுக்குச் சித்தப்பா பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஒருவரைப் பின்னால் இழுப்பது சட்டப்படி சரியில்லை. பார்ப்பவர் வீடியோ எடுக்கத் தொடங்கினால் அவர் பார்ப்பவர் இல்லை. விழுந்ததை ஓட்டுபவருக்குச் சொல்வதற்குப் பதிலாக "நல்லா வந்திருக்கு" என்று ஃபோனைத்தான் பார்ப்பார்.

விழுந்தவரிடம் பறந்து வருவது

ஆள் விழுந்ததும் அதே வேகத்தில் வட்டமடித்துத் திரும்புவது பார்க்க வீரமாக இருக்கும். அந்த வட்டத்தில் எழும்புகிற அலைகள் எல்லாம் அடுத்த முறை ஆள் எழும்ப வேண்டிய தண்ணீருக்குள்தான் வந்து சேரும், அப்புறம் ஏரி சரியில்லை என்று குறை சொல்வீர்கள். விழுந்ததும் வேகத்தைக் குறைத்து, படகைத் தண்ணீரில் அமரவிட்டு, அப்புறம் மெதுவாகத் திரும்புங்கள். ஆள் எப்போதும் ஓட்டுபவரின் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அவரைச் சுற்றி வந்தால் கயிறு தானாக அவர் கைக்கு வரும். விழுந்தவர் கையை உயர்த்திக் காட்டினால் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம், மற்றப் படகுகளுக்கும் ஆள் கிடப்பது தெரியும். கை உயராவிட்டால் அலையைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிட்டு உடனே அவரிடம் போங்கள்.

ரியூப் கயிற்றால் இழுப்பது

ரியூப், அதாவது ஆள் ஏறி உட்காரும் காற்றடைத்த மிதவை, இழுக்கிற கயிறு ரப்பர்த்தனமாகக் கொஞ்சம் நீளும், அது ரியூபுக்கு நல்லது. வேக்போர்டுக்கு நீளாத கயிறு வேண்டும். நீண்ட கயிற்றை ஆள் கைவிட்டால் கைப்பிடி படகை நோக்கித் திரும்பிப் பறக்கும், பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். நீளத்தையும் பாருங்கள். பழகியவர்கள் 65, 70 அடியில் ஓடுகிறார்கள் என்று அதையே புதியவருக்குக் கொடுக்காதீர்கள். 30 முதல் 50 அடிக்குள் வைத்தால் இழுவை கொஞ்சம் மேல்நோக்கி வரும், எழும்புவது இலகு. படகில் உயரமான கம்பமோ கோபுரமோ இருந்தால் கயிற்றை அங்கே கட்டுங்கள்.

டொக்கில் கிடந்த பலகையை எடுப்பது

அது வீட்டுக்காரரின் பத்து வயதுப் பிள்ளையினுடையதாக இருக்கும். எண்பது கிலோ ஆளுக்கு 140 சென்டிமீட்டர் அளவாவது வேண்டும், புதியவருக்குப் பலகை பெரிதாக இருப்பதால் ஒரு நட்டமும் இல்லை. அடியில் துடுப்புகள் இருந்தால் இன்னும் நல்லது, நேரே ஓடும்.

படகு எழுப்பும் அலையைத் தாண்ட ஆசைப்படுவது

முதல்நாள் வேண்டாம்.

இன்னும் ஒரே ஒருதரம்

முன்கை நடுங்கத் தொடங்கினால் அன்றைக்கு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கும் எந்த முயற்சியிலும் பழகுவது பிழையைத்தான், ஏனென்றால் களைத்த கை தானாக மடங்கும், களைத்த கால் தானாக உதைக்கும். காலையில் காற்றும் ஜெட்ஸ்கீயும் வருமுன் தண்ணீர் மட்டமாகக் கிடக்கும், அந்த நேரத்துக்கு எழும்பினால் பின்னேரம் முழுக்கப் போராடுவதைவிட அதிகம் கிடைக்கும். கொட்டேஜில் இரவு இரண்டு மணி வரை சீட்டாடிவிட்டு யார் எழும்புவது என்றால் அது வேறு கதை. பொழுது சாய்ந்த பிறகு பார்க்கலாம் என்பதும் சரிவராது, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, மறுபடி சூரியன் உதிக்கும் வரை ஆளை இழுக்கச் சட்டம் அனுமதிக்காது.

எஞ்சின் ஓடும்போது ஏணிக்கு வருவது

கியரை நடுவில் போட்டால் போதாது. ஆள் படகுக்குக் கிட்ட வந்து ஏறுகிற நேரம் எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைத் திருப்பி முழுவதும் நிறுத்துங்கள், யாருடைய முழங்கை எந்த நேரம் திரொட்டிலில் படும் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆள் ஆயத்தமாகும் வரை பின்தட்டில் உட்கார்ந்து, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கக் காலை ஆட்டுவதும் வேண்டாம். புகைபோக்கி அந்த இடத்தில்தான் இருக்கிறது, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. தலையிடி, தலைசுற்று என்று யாராவது சொன்னால் வெயில் என்று நினைக்காமல் எஞ்சினை அணைத்து, ஆளைப் பின்பக்கத்திலிருந்து காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், தெளியாவிட்டால் 911-ஐ அழையுங்கள்.