'ட்ரீட்மென்ட் பிள்ளை' என்று பயப்படுவதற்கு முன் வாரத்தை எண்ணுங்கள்

என் இரட்டையர்கள் ஐ.வி.எஃப். சிகிச்சையில், அதாவது உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைக்கும் முறையில், உண்டானவர்கள். 33 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். மகன் 1 கிலோ 850 கிராம், மகள் 1 கிலோ 620. ஆறு மாதம் முடிந்தும் மகள் குப்புற விழவில்லை. பார்க்க வந்த சித்தி, "ட்ரீட்மென்ட் பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் குழந்தை டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

நிறைமாதக் கணக்கான நாற்பது வாரத்திலிருந்து, பிள்ளை பிறந்த வாரத்தைக் கழியுங்கள். எங்களுக்கு 7 வந்தது. பிள்ளையின் வயதிலிருந்து அந்த 7 வாரத்தையும் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் என்றால் 26 வாரம், கழித்தால் 19. அதாவது, மகளுக்கு இன்னும் நாலரை மாதம்கூட ஆகவில்லை! இரண்டு வயது வரை இப்படியே எண்ணுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, பிறந்த தேதிதான்.

ஐ.வி.எஃப். பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள். சிக்கல் வந்தால், அதற்குப் பெரும்பாலும் இரட்டைக் கர்ப்பமும் குறைமாதப் பிறப்புமே காரணம். அதனால் கவனத்தை அங்கே வையுங்கள். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பரிசோதித்துவிட வேண்டும். சின்னக் கம்பி வைத்து இமையை விரித்துப் பார்ப்பார்கள். பிள்ளை கதறுவதைத் தாங்க முடியாது. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், போன பார்வை திரும்பாது. காது கேட்கும் சோதனையையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

கழித்துப் பார்த்த வயதிலும் மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒரே கையை மட்டும் நீட்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த பேச்சு நின்றுபோனாலும் அப்படித்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே டி.இ.ஐ.சி. என்ற மையம், அதாவது வளர்ச்சிக் குறையை ஆரம்பத்திலேயே கண்டு கவனிக்கும் மையம், இருக்கிறது.

அப்புறம், இரட்டையர் என்றால் வளர்ச்சியைக் குறித்துவைக்க ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். ஒரே நோட்டில் எழுதினால் மனசு தானாக ஒப்பிடும். நான் ஒப்பிட்டேன், மகன் நடந்த நாளிலிருந்து மகளை இழுத்து இழுத்து நிற்க வைத்தேன். பாவம் அவள்.

சிகிச்சை ஃபைலைப் பத்திரமாக வையுங்கள், இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்துவது) செய்தார்களா, உறைய வைத்த கருவா என்ற விவரத்தோடு. அப்பாவின் விந்தணுக் குறைவுக்காக இக்ஸி செய்திருந்தால், மகனுக்கும் அந்தக் குறை வர வாய்ப்புண்டு. வளர்ந்த பிறகு அவனுக்கு அந்த விவரம் தேவைப்படும். மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நாங்கள் நான்கு வயதிலேயே, "நீங்க வர டாக்டர் உதவி பண்ணாங்க" என்று சொல்ல ஆரம்பித்தோம். ஏழு வயதில் மகள் அந்த ஃபைலிலிருந்து முதல் ஸ்கேன் படத்தை எடுத்தாள். இரண்டு கறுப்புப் பை, உள்ளே இரண்டு புள்ளி. "இதுல நான் எது?" தெரியவில்லை என்றேன். இடதுபக்கம் இருப்பதுதான் தான் என்று அவளே முடிவு செய்து, பென்சிலால் பெயர் எழுதி வைத்திருக்கிறாள்.