தடியடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஓட வழி விட்டீர்களா?

போன மாதம் பாளையங்கோட்டையில் கலவரத் தடுப்பு ஒத்திகை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற போலீஸ்காரனுக்கு வேறென்ன வேலை. புதுப் பையன்கள் ஹெல்மெட், கேடயம், லத்தியோடு கச்சிதமாக நின்றார்கள். விசில் ஊதியதும் கூட்டமாக நடித்தவர்களை மூன்று பக்கமும் வளைத்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தலையில் அடிக்காதே, விழுந்தவனை அடிக்காதே என்பதெல்லாம் முதல் வாரமே சொல்லித் தருவதுதான். அதை விடுகிறேன்.

காற்றைப் பார்க்காமல் கண்ணீர்ப்புகை

ஆனி, ஆடியில் நம் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று தெரியாதவர்கள் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கே பார்த்துக் குண்டு போட்டால் அழப்போவது நாம்தான். கிழக்கே போட்டாலும் புகை கல்லெறிந்தவனோடு நிற்காது, அடுத்த வீட்டுத் தொட்டில் வரை போகும். அந்த வீடு அதை மறக்காது. அப்புறம், குண்டை ஆளுக்கு நேராகச் சுடவே கூடாது. மண்டையில் பட்டால் உயிர் போகும்.

ஓட வழி விடாதது

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என் மேலேயும் சேர்த்துத்தான்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். கொக்கிரகுளத்தில் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி. லத்திக்குப் பயந்தவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்துபோனார்கள். லத்தியை ‘உயிர் வாங்காத ஆயுதம்’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரைதான் ஞாபகம் வரும். இன்றும் ஜூலை 23 அன்று அந்த ஆற்றில் மலர் தூவுகிறார்கள்.

சரி, அதைப் பார்த்தாவது திருந்தினேனா? நாலு வருஷம் கழித்து ஒரு கிராமத்துக் கோயில் கொடைத் திருவிழா. சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. வாய்ப்பேச்சு கல்லெறியாக மாறியது. நான் அப்போது சப்-இன்ஸ்பெக்டர். தெருவின் இரண்டு முனையிலும் ஆட்களை நிறுத்திவிட்டு அடிக்கச் சொன்னேன். ஒருத்தன் தப்பக் கூடாது என்று நினைப்பு. கல்லெறிந்த பையன்கள் சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்கள். மாட்டியது பெண்களும் கிழவிகளும். வளையல் கடை விரித்திருந்த ஆச்சி நெரிசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தூக்கப் போனபோது என்னைப் பார்த்து, “எய்யா, ஓடு ஓடுன்னு சொல்லுதிய, எங்கிட்டு ஓட?” என்றாள்.

எட்டு மாதம் கழித்து அதே ஊரில் பட்டப்பகலில் ஒரு வெட்டுக்குத்து. பார்த்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், “கம்பு கொண்டு வரலியா சார்?” என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். சாட்சி இல்லாமல் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஒரு சாயங்காலம் கால் மணி நேரம் அடித்ததற்கு இது கூலி.

கூட்டத்தைக் கலைப்பது வேறு, பிடிப்பது வேறு. கலைக்க வேண்டுமானால் அகலமான ஒரு வழியைத் திறந்து வைத்து, அது எந்தப் பக்கம் என்று மைக்கில் சொல்லுங்கள். ஆறு, வாய்க்கால், கிணறு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள்.

யாருக்கும் கேட்காத எச்சரிக்கை

கலையச் சொல்லி ஆணையிட்டும் கலையாவிட்டால், அல்லது கலையவே மாட்டோம் என்கிற மாதிரி கூட்டம் நடந்துகொண்டால்தான் பலப்பிரயோகம் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (CrPC) 129-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த BNSS சட்டத்தில் 148. முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது ஆணை ஆகாது.

பெயர்ப்பட்டையைக் கழற்றுவது

கூடாது.

மறுநாள் செருப்பு தேடி வருபவர்களை விரட்டுவது

வருவார்கள், பயந்துகொண்டே. கிடந்ததையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளி ஸ்டேஷன் திண்ணையில் வையுங்கள். யாரையும் பெயர் கேட்காதீர்கள்.