வாழ்க்கைத்துணைக்கு வாஃபிள் சுடும் காலை: வன்னி வீட்டுச் சமையலறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரைத்த மாவைச் சூடான இரட்டை அச்சில் ஊற்றி, குழிகுழியாகச் சுட்டெடுக்கும் வாஃபிள் காத்திருக்காது. அச்சிலிருந்து எடுத்த முதல் சில நிமிடங்களுக்குத்தான் அதன் மொறுமொறுப்பு. பிறகு உள்ளே இருக்கும் நீராவியே அதைத் தளர்த்திவிடும். வீட்டு இயந்திரங்களில் ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோதான் சுடலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கணவனுக்கோ மனைவிக்கோ ஆசையாகச் சுடப் புறப்பட்ட பலர் கடைசியில் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். மற்றவர் மேசையில் தனியே உண்டு எழுந்துவிடுகிறார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சூடாக உண்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்? நான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு காரியத்தைக் கெடுப்பவை.

முதலில் இயந்திரம். வன்னியில் பல வீடுகளுக்கு இது வெளிநாட்டு உறவினரின் பெட்டியில்தான் வந்து சேர்கிறது. லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, மெல்பேர்ண் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. அங்கேயும் மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட் அளவுதான். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தது என்றால் நில்லுங்கள். அது 120 வோல்டுக்குச் செய்யப்பட்டது. முள்ளை மட்டும் மாற்றும் சிறிய அடாப்டரைப் போட்டு நம் சுவரில் செருகினால், வெப்பக் கம்பி வாங்கும் வலு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். இயந்திரம் எரியும், நல்ல வேளையாக இருந்தால் இயந்திரம் மட்டும் எரியும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதுவும் வானொலிப் பெட்டிக்கு வாங்கிய சிறியது போதாது. வாஃபிள் இயந்திரங்கள் பொதுவாக 700 முதல் 1000 வாட் வரை இழுப்பவை. டிரான்ஸ்ஃபோமர் அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அந்தச் செலவில் உள்ளூரிலேயே 230 வோல்ட் இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எண் எழுதியிருக்கும். பரிசைப் பிரித்த அன்றைக்கே அதைப் பாருங்கள்.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் கிராமங்களில், காலையில் எல்லோரும் நீர்ப்பம்பி போடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிவிடும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் இயந்திரத்துக்குக் கிடைக்கும் வெப்பம் முக்கால் பங்காகக் குறையும். வாஃபிள் வெளுத்து, மெத்தென்று, அச்சில் ஒட்டிக்கொண்டு வரும். சமையற்குறிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் வேளைக்கு முன்னோ பின்னோ சுடுங்கள். கேத்தலையும் இயந்திரத்தையும் ஒரே நீட்டுவயரில் போடாதீர்கள். முன்கூட்டி அறிவித்த மின்தடை உண்டா என்பதையும் முதல்நாளே கேட்டுவையுங்கள்.

இனி மா. நம் சமையலறையில் மாப்பேணி ஒன்றல்ல. ஒன்றில் அவித்த கோதுமை மா, ஒன்றில் வறுத்த அரிசி மா, ஒன்றில் பச்சைக் கோதுமை மா. இணையத்துக் குறிப்பில் ‘கோதுமை மா’ என்று மட்டும் இருக்கும். அதை எழுதியவருக்கு அவித்த மா என்று ஒன்று இருப்பதே தெரியாது. இடியப்பத்துக்கு வைத்த அவித்த மாவை எடுத்துக் கரைத்தால் வாஃபிள் பிடிப்பில்லாமல் உதிரும். அந்த மாவின் புரதம் ஏற்கெனவே வெந்துவிட்டதால், வாஃபிளைத் தாங்கிப் பிடிக்கும் பசை அதில் உருவாகாது. பச்சைக் கோதுமை மாதான் வேண்டும். அதோடு இரண்டு மேசைக்கரண்டி வறுக்காத அரிசி மா சேர்த்தால் மேல்தோல் மொறுமொறுப்பாக வரும். வறுத்த மா இங்கே நறநறக்கும்.

இருவருக்குப் போதுமான அளவு இது: பச்சைக் கோதுமை மா 125 கிராம், அரிசி மா இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று, பால் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர், உருக்கிய பட்டர் 50 கிராம். பட்டருக்குப் பதிலாக நல்ல தேங்காய் எண்ணெய் விட்டால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்த பாலில் இரண்டில் எதை ஊற்றினாலும் உடனே உறைந்து கட்டி கட்டியாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 25 பாகைக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும். பாலையும் முட்டையையும் அரைமணி நேரம் முன்னரே வெளியே வையுங்கள். முதற்தேங்காய்ப்பால் ஊற்றுகிறவர்கள் பட்டரின் அளவைப் பாதியாக்க வேண்டும். அதிலேயே கொழுப்பு இருக்கிறது. பால்மாவை உலர்ந்தபடி மாவில் கொட்டாமல், வெந்நீரில் கரைத்து ஆற வைத்து ஊற்றுங்கள்.

பேக்கிங் பவுடர் பற்றி ஒரு வார்த்தை. கேக் அடித்த கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பேணி, மாரியின் ஈரத்தையும் கோடையின் வெக்கையையும் அலுமாரியிலேயே கண்டிருக்கும். ஒரு தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் சரி. சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். அப்பச்சோடாவை அதற்கு மாற்றாக அதே அளவில் போடுவது பெரிய தவறு. சோடா அதைவிடப் பல மடங்கு வலியது. புளிப்பு இல்லாமல் அது முழுதாக வேலை செய்யாது. சவர்க்காரச் சுவையை நாக்கில் விட்டுவிடும்.

கரைக்கும் விதத்தில்தான் கைப்பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. தோசை மாவைக் கட்டியில்லாமல் அடித்துக் கரைத்துப் பழகிய கை, இதையும் அப்படியே அடிக்கும். அடிக்க அடிக்கக் கோதுமையின் பசை இறுகி வாஃபிள் தோல் போல இழுபடும். உலர்ந்தவற்றின் நடுவே குழி செய்து, கரைந்தவற்றை ஊற்றி, வெள்ளை மா தெரியாமல் போகும் வரைக்கும் மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருக்கட்டும். பத்து நிமிடம் விட்டால் அவை தாமாக ஊறிவிடும். நேரமும் மனமும் இருந்தால் முட்டையின் வெள்ளையைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாக மடித்துச் சேர்க்கலாம். வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

காலை வேலையைக் குறைக்க விரும்பி இரவே எல்லாவற்றையும் கரைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடன் பொங்கத் தொடங்கும். விடிவதற்குள் பாதி வலு போய்விடும். இரவில் உலர்ந்த பொருட்களை மட்டும் அளந்து ஒரு பாத்திரத்தில் கலந்து மூடி வையுங்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் பிரஸ்ஸல்ஸ் முறைக்கு இரவு ஊறல் ஏற்றதுதான். ஆனால் ‘இரவு முழுக்க மேசையில் விடுங்கள்’ என்று குளிர்நாட்டார் எழுதியதை இங்கே பின்பற்றினால், சித்திரை வைகாசி இரவில் மா பொங்கி வழிந்து காலையில் கள்வாடை வீசும். அதைக் குளிர்சாதனப்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

சுடும்போது நடக்கும் தவறுகள் ஏறக்குறைய எல்லாம் அவசரத்தால் வருபவை. பச்சை விளக்கு எரிந்தவுடன் ஊற்றக்கூடாது. இன்னும் ஐந்து நிமிடம் மூடியபடி விடுங்கள். தெளித்த நீர்த்துளி துள்ளி ஓட வேண்டும். அச்சின் இரு பக்கமும் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். ஊற்றி மூடியபின் நாலாபக்கமும் நீராவி கிளம்பும். அந்த ஆவி அடங்கும் வரை திறக்கவே திறக்காதீர்கள். இடையில் தூக்கிப் பார்த்தால் வாஃபிள் நடுவே பிளந்து, மேல்பாதி மேலேயும் கீழ்பாதி கீழேயும் ஒட்டிக்கொள்ளும். ஆவி அடங்கியும் மூடி இறுக்கமாக இருந்தால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். எடுக்க மரக்கரண்டி போதும். முள்ளுக்கரண்டி அச்சின் பூச்சைக் கிழித்துவிடும்.

இனிப்பை மாவுக்குள் கூட்டாதீர்கள். சீனி கூடினால் வாஃபிள் உள்ளே வேகும் முன் வெளியே கருகும், அச்சிலும் ஒட்டும். பனங்கட்டியைத் தூளாக்கிப் போடுவதும் அப்படித்தான். பனங்கட்டிக்கு வேறு வழி இருக்கிறது: 100 கிராமை உடைத்து, கால் கோப்பை நீரில் மெல்லிய தீயில் கரைத்து, மண்ணும் துரும்பும் போக வடித்து, மறுபடி சற்று வற்ற விடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். அந்தப் பாணிக்கு எந்தக் கடைச் சிரப்பும் ஈடாகாது. வன்னிக் காட்டுத் தேன் கையில் இருந்தால் அதைக் காய்ச்ச வேண்டாம், அப்படியே வையுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை மடியில் இருந்தால் அதற்கு மட்டும் தேன் கொடுக்கக்கூடாது. பாணியோ தேனோ, சமையலறையிலேயே ஊற்றிக் கொண்டுவராமல் மேசையில் ஊற்றுங்கள்.

வாஃபிள் என்றால் ஸ்ட்ரோபெரியும் அடித்த கிரீமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தப் படம் அமெரிக்காவில் பரவியதற்குப் பெரிய காரணம் 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மொரிஸ் வெர்மேர்ஷ் குடும்பத்தார் அப்படி விற்றதுதான். அது அவர்கள் நாட்டுப் பழம். நுவரெலியாவிலிருந்து கிளிநொச்சி வரை வந்து சேரும் ஸ்ட்ரோபெரி விலையும் கூட, பாதியும் நசிந்தது. அடித்த கிரீமோ நம் வெக்கையில், அதுவும் சூடான வாஃபிளின் மேல், உட்காரும் முன்பே உருகிவிடும். எருமைத் தயிரை இரவே மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில் கெட்டியாக, புளிப்பும் கொழுப்புமாக இருக்கும், அதன்மேல் தேன். பக்கத்தில் கதலி வாழைப்பழம், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், காலமென்றால் ஒரு கைப்பிடி பாலைப்பழம். பாலைப்பழத்தை மட்டும் வாஃபிளின் மேல் பரப்பாதீர்கள். அதன் பால் உதட்டில் ஒட்டும். தனிக் கிண்ணத்தில் வைத்தால் பேசிக்கொண்டே உண்ணலாம்.

காலையில் இனிப்பைக் கண்டாலே முகம் சுளிக்கிறவரும் நம்மிடையே நிறைய உண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இனிப்பு வாஃபிளை நீட்டுவது, அவர்களுக்காகச் சமைத்ததாகாது. சீனியை விட்டுவிட்டு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துச் சுடுங்கள். முந்தைய நாள் மீன்குழம்பைச் சூடாக்கி வையுங்கள். அந்தக் குழிகளில் பழங்குழம்பு தேங்கும்போது கிடைக்கும் சுவைக்கு நான் முழு மனத்தோடு உத்தரவாதம் தருவேன். கோதுமை மா எப்படியும் இரத்தச் சீனியை ஏற்றக்கூடியது, ஆகவே ஒன்றோடு நிறுத்தி, கூட ஒரு முட்டைப் பொரியலை வையுங்கள்.

நாள் பார்க்காமல் திட்டமிடுவதும் தவறுதான். பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால், முட்டை தொடாத சைவ வீட்டில் உங்கள் தட்டு அப்படியே திரும்பிவரும். அன்றைக்கு முட்டையை விட்டு, பாலில் பாதிக்குப் பதிலாகப் புளித்த தயிர் விடுங்கள். பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேருங்கள். தயிரின் புளிப்பு சோடாவை எழுப்பிவிடும். முட்டையில்லாதது கூடுதலாக ஒட்டும் என்பதால் அச்சுக்கு எண்ணெய் சற்றுத் தாராளமாக, அச்சில் ஒரு நிமிடம் அதிகமாக.

மனைவிக்குச் சொல்லாமல் சுட்டுக்கொடுக்க நினைக்கும் ஆண்களுக்கு: அவர் உங்களுக்கு முன்பே எழுந்து, முற்றம் கூட்டி, தேநீர் வைத்து, பிள்ளையின் பள்ளிச் சாப்பாட்டையும் கட்டியிருப்பார். விடியற்காலை ஆச்சரியம் அங்கே எடுபடாது. “நாளைக் காலைச் சாப்பாடு என் பொறுப்பு, நீ எழும்ப வேண்டாம்” என்று முதல்நாள் இரவே சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் வாஃபிளைவிடப் பெரிய பரிசு. மாமா மாமி ஒரே வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே கரையுங்கள். முதியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இருவர் மட்டும் உண்ணும் சாப்பாடு யாருக்கும் இறங்காது. அவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டை உங்களுக்கென்று வைத்துக்கொண்டால் சேர்ந்து உட்காரவும் நேரம் கிடைக்கும்.

அந்தக் கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் சூடாக இருக்க வேண்டுமே. சுட்டதைத் தட்டில் அடுக்கினால் அடியில் உள்ளது நீராவியில் நனைந்துவிடும். மூடி வைத்தால் இன்னும் மோசம். இதற்கு வெளிநாட்டார் கம்பித்தட்டு வாங்குகிறார்கள். நம் வீட்டில் இடியப்பத் தட்டு இருக்கிறது. பின்னலுக்கு இடையே ஆவி கீழேயும் வெளியேறுவதால் வாஃபிள் தளராது. முதலாவதை அதில் வைத்து, இரண்டாவது வெந்ததும், முதலாவதை மறுபடி அச்சில் முப்பது நொடி வைத்து எடுங்கள். புதிதாகச் சுட்டதைப் போலவே இருக்கும். அதற்குள் தேநீரும் பாணியும் பழமும் மேசைக்குப் போயிருக்க வேண்டும்.

இயந்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவாதீர்கள். வயரைக் கழற்றி, ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். மேசையில் சிந்திய பாணியையும் உடனே துடைக்காவிட்டால் எறும்பு வரிசை கட்டும். இந்த வேலையையும் சமைத்தவரே செய்ய வேண்டும், உண்டவரிடம் விடக்கூடாது. மிஞ்சிய கரைசலை வைத்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் சுட்டுவிடுங்கள். முழுதாக ஆறியபின் பையில் இட்டு உறைபெட்டியில் வைத்தால், பின்னேரத் தேநீருக்கு எண்ணெயில்லாத தாச்சியில் வாட்டி எடுக்கலாம்.